"நன்று" என்ற சொல்லால் மறுக்கப்படும் பதவி உயர்வு

பதவி உயர்வும் ஊதிய உயர்வும் கேட்கத் துணியும் ஊழியருக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஓராண்டில் செய்து முடித்தவற்றைப் பட்டியலிடுங்கள், அதே வேலைக்கு வெளியில் என்ன ஊதியம் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், மேலதிகாரியின் மனநிலை அறிந்து பேசுங்கள், தயங்காதீர்கள். வேலைவாய்ப்பு வழிகாட்டிகள் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருப்பவர் நம் வேலையை மட்டுமே எடைபோடுவார் என்ற நம்பிக்கையின் மீதுதான் இந்த அறிவுரைகள் நிற்கின்றன. தலித் ஊழியருக்கு அந்த நம்பிக்கை ஒருபோதும் உறுதியாக வாய்த்ததில்லை. தகுதியை நிறுவும் சுமை அவர் தோளில் இருக்கிறது. தகுதியை அளக்கும் கோல் பிறர் கையில் இருக்கிறது.

2025 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் 44(3)ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. அடுத்து, நவம்பர் 21 அன்று, ஊதியச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைப்படுத்தப்பட்டன. முதல் மாற்றம், சக ஊழியருக்கு என்ன மதிப்பெண் வழங்கப்பட்டது என்று அறியும் வழியை அடைத்தது. இரண்டாவது மாற்றம், ஊதியத்தில் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது சாதியின் பெயரைச் சொல்லாமல் விட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு துறைகளின் செய்திகள். சேர்த்துப் பார்த்தால், பாகுபாட்டை நிறுவ வேண்டிய பொறுப்பை ஊழியரிடமே விட்டுவிட்டு, நிறுவுவதற்கான சான்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் போக்கு தெரிகிறது.

பதவி உயர்வு குறித்து நம் இயக்கங்களில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இட ஒதுக்கீட்டுத் தீர்ப்புகளைச் சுற்றியே அமைகிறது. அது தேவையான விவாதம். ஆயினும், ஒருவரது பதவி உயர்வு மறுக்கப்படும் இடம் பெரும்பாலும் நீதிமன்றம் அன்று. ஆண்டுக்கு ஒருமுறை அவரைப் பற்றி மேலதிகாரி நிரப்பும் சில பக்கப் படிவத்தில் அது நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் படிவத்தைப் போராட்டக் களமாக நாம் இன்னும் கருதத் தொடங்கவில்லை.

ஒரு சொல்லின் எடை

எல்லைச் சாலைகள் அமைப்பில் பொறியாளராகப் பணியாற்றிய தேவ் தத் என்பவரின் வழக்கில் 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கு, முந்தைய ஐந்து ஆண்டுகளிலும் "மிக நன்று" என்ற மதிப்பீடு வேண்டும் என்பது விதி. 1993-94ஆம் ஆண்டுக்கு மட்டும் அவருக்கு "நன்று" என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதப்பட்டது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. பாதகமான குறிப்புகளை மட்டும் தெரிவித்தால் போதும், "நன்று" என்பது பாராட்டுத்தானே என்பது அரசுத் தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவரைப் போட்டியிலிருந்து வெளியேற்றும் குறிப்பு, எந்தச் சொல்லில் எழுதப்பட்டிருந்தாலும் பாதகமான குறிப்பே என்றது. அதைத் தெரிவிக்காமல் விடுவது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் உறுப்பை மீறுவதாகும் என்றும் கூறியது. தீர்ப்பு வந்தபோது தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். இந்நிலைப்பாட்டை 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்தியது.

இத்தீர்ப்பு எல்லா ஊழியர்களுக்கும் பொதுவானது. எனினும் இதன் உண்மைப் பொருள் தலித் ஊழியர்களுக்கே கூடுதலாக விளங்கும். சாதிப் பாகுபாடு வசைச்சொல்லாக வெளிப்பட்டால் அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது "நன்று" என்ற புகழ்ச்சியாக வெளிப்படும்போது எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க முடியாது. எழுதியவர் தாம் நல்லதையே எழுதியதாகச் சொல்லலாம். அவர் மனதில் என்ன இருந்தது என்று யாரும் நிறுவ முடியாது.

தேவ் தத் தீர்ப்புக்குப் பிறகு ஒன்றிய அரசின் பணியாளர் துறை 2009 மே 14 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, ஆண்டுப் பணித்திறன் மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். உரிய அதிகாரி 30 நாட்களுக்குள் அதன்மீது முடிவெடுக்க வேண்டும். மதிப்பீடும் எண்களாக மாறியது. பத்துக்கு 8 முதல் 10 வரை பெற்றால் "தலைசிறந்தது". பதவி உயர்வுக்கான கணக்கில் அது 9 என்று கொள்ளப்படும். 6 முதல் 8க்குக் கீழ் வரை "மிக நன்று", அது 7. 4 முதல் 6க்குக் கீழ் வரை "நன்று", அது 5. ஆக, 5.9 பெற்றவருக்கும் 6 பெற்றவருக்கும் இடையே படிவத்தில் இருப்பது பத்தில் ஒரு பங்குதான். பதவி உயர்வுக் கணக்கில் அது இரண்டு முழுப் புள்ளிகளாகவும், பல பதவிகளுக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற பிளவாகவும் விரிகிறது.

அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு செய்து முடித்த வேலைக்கு, 30 விழுக்காடு செயல்திறனுக்கு. எஞ்சிய 30 விழுக்காடு தனிப்பட்ட பண்புகளுக்கு. பொறுப்புணர்வு, பேச்சுத்திறன், தலைமைப் பண்பு, குழுவுடன் இணைந்து செல்லும் மனப்பாங்கு ஆகியவற்றைப் போன்றவை இதில் அடங்கும். முடித்த கோப்புகளை எண்ணிக் காட்டலாம். குழுவுடன் இணைந்து செல்லும் மனப்பாங்கை எதைக்கொண்டு எண்ணுவது? அலுவலகத்தில் மதிய உணவுக்கு யார் யாருடன் அமர்கிறார்கள் என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடங்களில், "குழுவுடன் ஒட்டுவதில்லை" என்ற குற்றச்சாட்டு ஒதுக்கப்பட்டவர் மீதே எழுதப்படும். உரிமையைக் கேட்டவர் "ஒத்துழைக்காதவர்" ஆவார். கேட்காதவர் "முன்முயற்சி இல்லாதவர்" ஆவார்.

ஊதிய உயர்வும் இதே சொல்லில்தான் தொங்குகிறது. பதவி உயர்வு கிடைக்காத ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 10, 20, 30 ஆண்டுப் பணி முடிவில் அடுத்த ஊதிய நிலையை வழங்கும் திட்டம் 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குத் தேவையான மதிப்பீடு முன்பு "நன்று" என்றிருந்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2016 ஜூலை 25 முதல் "மிக நன்று" ஆக உயர்த்தப்பட்டது. பதவி உயர்வில் தவறவிடப்பட்டவருக்கு ஆறுதலாக வைக்கப்பட்ட கதவுக்கும், அவரைத் தவறவிட்ட அதே பூட்டே இப்போது போடப்பட்டிருக்கிறது.

இட ஒதுக்கீடு எங்கே நின்றுவிடுகிறது

பதவி உயர்வில் இட ஒதுக்கீடு இருக்கும்போது இந்தப் படிவத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அந்த இட ஒதுக்கீட்டின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இதன் முதல் பெரிய வழக்கு சென்னையிலிருந்து சென்றது. தென்னக ரயில்வேயில் பதவி உயர்வில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கிய சுற்றறிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் ரங்காச்சாரி வழக்கில், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அந்தச் சுற்றறிக்கைகள் செல்லும் என்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1992இல் இந்திரா சஹானி வழக்கு அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. 1995இல் 77ஆவது திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் 16(4ஏ) உறுப்பைச் சேர்த்தது. 2001இல் 85ஆவது திருத்தம், இட ஒதுக்கீட்டில் உயர்ந்தவருக்கு அந்தப் பதவிக்குரிய பணிமூப்பையும் உறுதிசெய்தது. 2006இல் நாகராஜ் தீர்ப்பு அத்திருத்தங்களை ஏற்றுக்கொண்டது. கூடவே, பிற்பட்ட நிலை, போதிய பிரதிநிதித்துவமின்மை, நிர்வாகத் திறன் ஆகியவை குறித்துப் புள்ளிவிவரங்களைக் காட்ட வேண்டும் என்ற சுமையையும் அரசின் மீது ஏற்றியது. 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில், பிற்பட்ட நிலையை நிறுவத் தேவையில்லை என்று நீதிமன்றம் அச்சுமையில் ஒரு பகுதியை இறக்கியது. அதே தீர்ப்பில் கிரீமிலேயர் கோட்பாட்டைப் பட்டியல் சாதியினருக்கும் பொருத்தியது. 2020இல் முகேஷ்குமார் வழக்கில், பதவி உயர்வில் இட ஒதுக்கீடு அளிக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2022 ஜனவரி 28 அன்று, பிரதிநிதித்துவத் தரவை ஒவ்வொரு பணிப்பிரிவுக்கும் தனித்தனியாகத் திரட்ட வேண்டும் என்றது.

இத்தனை திருப்பங்களுக்குப் பிறகு எஞ்சியிருப்பது என்ன? ஒன்றிய அரசில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் பதவி உயர்வில் உண்டு. ஆனால் தெரிவு முறையிலான பதவி உயர்வுகளில், 'ஏ' பிரிவின் முதற்படியோடு அந்த ஒதுக்கீடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே கொள்கையும் நிதியும் நியமனமும் தீர்மானிக்கப்படும் படிகளில், பதவிக்குழுவின் முன் வைக்கப்படுவது முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைகள். அதாவது ஒதுக்கீடு முடியும் படியில் அந்தப் படிவத்தின் முழு ஆட்சி தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் இறுக்கமானது. மாநில அரசுப் பணிகளில் நேரடி நியமனத்துக்கு 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. பதவி உயர்வில் இட ஒதுக்கீடு பொதுவாக நடைமுறையில் இல்லை. நியமனத்தின்போது இனச்சுழற்சியில் கிடைத்த இடத்தை வைத்தே பணிமூப்பை வரையறுக்கும் முறை ஓரளவுக்கு அந்தக் குறையை ஈடுசெய்து வந்தது. அம்முறைக்குச் சட்ட வடிவம் தந்த 2016ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் அதில் தலையிட மறுத்தது. தேர்வில் பெற்ற தரவரிசையே பணிமூப்பு என்றாகி, பட்டியல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சமூகநீதியின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில், பணியில் சேரும் வாசலோடு சமூகநீதி நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்றுவழி அண்டை மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், போதிய தரவு இல்லை என்ற காரணத்தால் 2017 பிப்ரவரியில் பவித்ரா வழக்கில் வீழ்ந்தது. அம்மாநில அரசு அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. இரத்தின பிரபா தலைமையில் குழு அமைத்துத் துறைவாரியாகத் தரவுகளைத் திரட்டி, 2018இல் புதிய சட்டம் இயற்றியது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சமூகத்தின் பன்மையைத் தாங்கிய நிர்வாகமே திறனுள்ள நிர்வாகம் என்ற பொருளில் நிர்வாகத் திறனுக்கு விளக்கமும் தந்தது. தனி ஊழியருக்குச் சொல்லப்படும் அறிவுரையேதான் அரசுக்கும் பொருந்துகிறது: கோப்பைத் தயார் செய்தவர் வென்றார். தமிழ்நாடு அரசு அந்தக் கோப்பை எப்போது தயார் செய்யப்போகிறது என்பதே நம் கேள்வி.

தனியார் துறையின் மௌனம்

தனியார் நிறுவனங்களில் இனச்சுழற்சிப் பதிவேடும் இல்லை, தொடர்பு அலுவலரும் இல்லை, ஆணையமும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் உறுப்பு அரசுப் பணிகளுக்கே பொருந்தும். பட்டதாரிகளாக வெளிவரும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் செல்லப்போவது இந்தத் துறைக்குத்தான்.

அங்கு நிலவும் பாகுபாடு கற்பனையன்று என்பதை ஆய்வுகள் எப்போதோ நிறுவிவிட்டன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதிகளைக் கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு சாதிப் பெயர்களுடன் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கே. அதே ஆண்டில் மாதேஸ்வரனும் அட்டெவெலும், நகர்ப்புற மாதச் சம்பள வேலைகளில் சமமான தகுதியுடைய பிறரைவிடப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாகுபாட்டின் காரணமாக 15 விழுக்காடு குறைவாக ஊதியம் பெறுவதைத் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு காட்டினர். இது அரசுத் துறையிலும் உண்டு, தனியார் துறையில் மேலும் அதிகம் என்பது அவர்களது முடிவு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் நடத்திய நேர்காணல்களில், நேர்முகத் தேர்வில் "குடும்பப் பின்னணி" பற்றிக் கேட்பதை அவர்கள் இயல்பான தகுதிச் சோதனையாகவே கருதியது வெளிப்பட்டது.

அந்தப் பின்னணிக் கேள்வி பணியில் சேர்ந்ததோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டு மதிப்பீட்டின்போது "நிறுவனப் பண்பாட்டுக்குப் பொருந்துகிறாரா" என்ற கேள்வியாக அது திரும்பி வருகிறது. இத்தனை பேர்தாம் முதல் தரத்தில் இருக்கலாம், இத்தனை பேர் கடைசித் தரத்தில் இருந்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே பங்கு வகுக்கும் நிறுவனங்களில், யாரைக் கீழே இறக்குவது என்ற முடிவு எடுக்கப்படும்போது அறையில் தனக்காகப் பேச ஆளில்லாதவரே கீழே இறங்குகிறார்.

இந்த இடத்தில்தான் ஊதியச் சட்டத் தொகுப்பின் மௌனம் முக்கியமாகிறது. அதன் 3ஆம் பிரிவு, ஒரே மாதிரியான வேலைக்கு ஊதியம் வழங்குவதில் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்து வந்த நல்ல விதி அது. பழைய சட்டங்களைக் கலைத்துப் புதிதாக எழுதும் வாய்ப்பு கிடைத்தபோது, "பாலினம்" என்ற சொல்லுக்கு அருகில் "சாதி" என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கப் பணியிடங்களில் உள்ளகக் குழு அமைக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சாதிப் பாகுபாட்டை விசாரிக்க அப்படியொரு குழுவை எந்தச் சட்டமும் தனியார் நிறுவனத்திடம் கேட்கவில்லை.

ஒப்பிடாமல் நிறுவுவது எப்படி

பாகுபாடு என்பது ஒப்பீட்டில்தான் தெரியும். எனக்கு 5.8 என்பது மட்டும் எதையும் சொல்லாது. அதே பிரிவில், அதே அளவு வேலை செய்த மற்றவருக்கு 7.2 என்று தெரிந்தால்தான் கேள்வி பிறக்கும். பிறரது மதிப்பீட்டு அறிக்கை தனிப்பட்ட தகவல் என்று 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனாலும் பரந்த பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாசகம் 8(1)(ஜே) பிரிவுக்குள்ளேயே இருந்தது. 2025 நவம்பர் திருத்தம் அந்த வாசகத்தை நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது.

கதவு முழுவதும் மூடிவிடவில்லை என்பதை வழக்கறிஞர் என்ற முறையில் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது; பாதுகாக்கப்பட வேண்டிய நலனைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்று அது சொல்கிறது. மேலும், கேள்வியைக் கேட்கும் முறையை மாற்றலாம். தனிநபர் பெயர் கேட்டால்தான் அது தனிப்பட்ட தகவல். ஒரு பணிப்பிரிவில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு "மிக நன்று", எத்தனை பேருக்கு "நன்று", பொதுப்பிரிவினரில் எத்தனை பேருக்கு எது என்று எண்ணிக்கையாகக் கேட்டால் அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. இனச்சுழற்சிப் பதிவேட்டைப் பார்வையிடக் கேட்பதும் அப்படியே. எண்ணிக்கை சிறியதாக இருக்கும் பிரிவுகளில் மட்டும் மறுப்பு வரலாம். அங்கே துறை அளவில் கேட்க வேண்டும்.

ஊழியர் தம் கோப்பைக் கட்டுவது

வழக்குக் கட்டுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். அநீதி பத்தாண்டுக்கு நீள்கிறது. எழுத்துச் சான்று கடைசிப் பத்து நாட்களுக்குத்தான் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் வெளியான பிறகு எழுதப்படும் மனுவை நீதிமன்றம் ஏமாற்றத்தின் குரலாகவே படிக்கும். பட்டியலுக்கு முன்பே, ஆண்டுதோறும் எழுதப்பட்ட தாள்களையே சான்றாகப் படிக்கும். பரிசீலிக்கப்படும் உரிமை 16(1) உறுப்பின் கீழ் அடிப்படை உரிமை என்று 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பதவி உயர்வு உறுதியென்று அது சொல்லவில்லை; நேர்மையான பரிசீலனை உறுதியென்றது. அந்தப் பரிசீலனைக்கு உரிய தாள்களை உருவாக்குவது நம் கையில் இருக்கிறது.

முதல் தாள், ஒன்றிய அரசு ஊழியர்கள் ஏப்ரல் 15க்குள் தர வேண்டிய சுயமதிப்பீடு. பலர் அதை இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். அதில் எண்கள் வேண்டும்: எத்தனை கோப்புகள், எத்தனை நாட்களில், முந்தைய ஆண்டைவிட எவ்வளவு கூடுதல். எட்ட முடியாத இலக்கு இருந்தால், ஆள் பற்றாக்குறையோ கருவிக் குறைபாடோ தாமதமான ஒப்புதலோ, காரணத்தையும் அங்கேயே எழுத வேண்டும். ஊழியர் எழுதியதை ஏற்கிறாரா என்று அறிக்கை எழுதும் அதிகாரியிடம் படிவம் கேட்கிறது. ஏற்காவிட்டால் காரணம் கூறவும் சொல்கிறது. எண்ணோடு எழுதியதை மறுக்க எண் வேண்டும். வெறுமையாக விட்டதை மறுக்க எதுவும் வேண்டாம்.

இரண்டாவது தாள், ஆண்டு முழுவதும் சேரும் சிறு பதிவுகள். வாய்மொழியாகத் தரப்பட்ட பணியை "தாங்கள் கூறியபடி முடித்துவிட்டேன்" என்று ஒரு மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்வது, முக்கியமான பணியிலிருந்து விலக்கப்பட்டால் காரணம் கேட்டு மரியாதையாக ஒரு வரி எழுதுவது, பாராட்டுக் கடிதங்களைச் சேர்த்து வைப்பது. தனியார் துறையில் உள்ளவர்களுக்கு இது மேலும் அவசியம். அங்கே ஆண்டுத் தொடக்கத்தில் இலக்குகளை எழுத்தில் பெறாதவருக்கு, ஆண்டு முடிவில் இலக்கு எதுவாக இருந்தது என்பதைச் சொல்லும் உரிமையும் இராது.

மூன்றாவது தாள், 15 நாட்களுக்குள் தர வேண்டிய முறையீடு. "நன்று" என்று வந்தால் நன்றி சொல்லிக் கையெழுத்திட்டுவிடக் கூடாது. அடுத்த பதவிக்கு எந்த மதிப்பீடு தேவை என்று பார்த்து, அதற்குக் குறைவானால் எந்தப் பத்தியில் எந்த மதிப்பெண் ஏன் பொருந்தவில்லை என்று எழுத வேண்டும். சாதிப் பாகுபாடு நடந்திருந்தால் அதையும் நாள், இடம், நிகழ்வு சுட்டி எழுத வேண்டும். பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டு வலுவான முறையீட்டையும் பலவீனமாக்கும். மறுப்பு வந்தால் ஒன்றிய அரசு ஊழியர்கள் ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மாநில ஊழியர்களுக்கு உயர் நீதிமன்றம் இருக்கிறது.

தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்தைப் பற்றி ஒரு தெளிவு தேவை. பதவி உயர்வை நிறுத்திவைக்க ஆணையம் தடையுத்தரவு பிறப்பிக்க முடியாது என்று, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் நலச்சங்கம் தொடர்ந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் 338(8) உறுப்பின்படி ஆவணங்களை வரவழைக்கவும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பை எதிர்பார்த்து அங்கே சென்று ஏமாறுவதைவிட, தனிமனிதர் கேட்டால் கிடைக்காத கோப்பை வெளியே கொண்டுவரும் வழியாக அதைப் பயன்படுத்துவதே பயன் தரும்.

தனிக்கோப்பிலிருந்து பொதுக் கோரிக்கைக்கு

இத்தனையும் செய்தாலும், தனி ஊழியர் தனியாகவே நிற்கிறார். பதவி உயர்வை மறுக்கும் அதிகாரியே அடுத்த ஆண்டும் அவரது அறிக்கையை எழுதப்போகிறார் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே தனிக்கோப்புகளைப் பொதுக்கோரிக்கையாக மாற்றும் பொறுப்பு சங்கங்களுக்கும் இயக்கங்களுக்கும் உண்டு.

ஏணியே இல்லாத வேலைகளையும் மறக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் போராடி, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களது வேலையில் "மிக நன்று" என்று எழுத எந்தப் படிவமும் இல்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஏறிச்செல்ல அடுத்த படியும் இல்லை. பெரும்பான்மையாக தலித்துகள் செய்யும் வேலைகளில் படிகளே அமைக்கப்படவில்லை. படிகள் உள்ள வேலைகளில் தலித்துகள் நடுப்படியில் நிறுத்தப்படுகிறார்கள். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள். தற்காலிக ஊழியர்களுக்கும் சமவேலைக்குச் சமஊதியம் உண்டு என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் கூறப்பட்ட நெறி, அலுவலக ஊழியர் சங்கங்களும் தூய்மைப் பணியாளர் சங்கங்களும் சேர்ந்து நிற்பதற்கான பொதுத்தளமாக அமையக்கூடும்.

உடனடியாக வலியுறுத்த வேண்டியவை மூன்று. ஒன்று, ஜர்னைல் சிங் தீர்ப்பின்படி பணிப்பிரிவுவாரியாகத் தரவு திரட்டும் அரசு, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு நிற்காமல், எந்தச் சமூகப் பிரிவினருக்கு எத்தனை "நன்று", எத்தனை "மிக நன்று" என்பதையும் பெயர் நீக்கித் திரட்டி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பதவிகளின் எண்ணிக்கை நோயின் அறிகுறியைத்தான் காட்டும். மதிப்பீடுகளின் எண்ணிக்கை நோயின் இருப்பிடத்தைக் காட்டும். இரண்டு, ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவில் சாதியைச் சேர்க்க வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால், ஒன்றிய அரசு தயங்கினாலும் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றி, 254(2) உறுப்பின் கீழ்க் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கோரலாம். மூன்று, கர்நாடகம் செய்ததைப் போலத் தரவு திரட்டி, மாநிலப் பணிகளில் பதவி உயர்வு இட ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாடு சட்டம் இயற்ற வேண்டும்.

மதிப்பீட்டில் சாதியைத் தேடுவது அலுவலகத்தின் நல்லிணக்கத்தைக் கெடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். எண்கள் சமமாக இருந்தால் தேடுவதால் எதுவும் கெடாது, சந்தேகம் தீரும். எண்கள் சமமாக இல்லையென்றால், நல்லிணக்கம் என்று இதுவரை சொல்லப்பட்டது ஒரு தரப்பின் பொறுமைக்கு வைக்கப்பட்ட பெயர் என்பது வெளிப்படும்.

மதிப்பீட்டு அறிக்கைகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. அடுத்த சுற்று வரும்போது ஒவ்வொரு அலுவலகத்திலும் சங்கத்தின் சார்பில் ஒருவராவது, புதிதாகப் பணியில் சேர்ந்த தலித் ஊழியர்களுடன் அமர்ந்து சுயமதிப்பீட்டை எழுத உதவட்டும். அறிக்கை கைக்கு வந்த அன்றே 15 நாள் கணக்கைத் தொடங்கி வைக்கட்டும். ஒரு சொல்லில் மறுக்கப்படும் உரிமையை, அந்தச் சொல் எழுதப்படும் தாளிலேயே எதிர்கொள்ளத் தொடங்குவோம்.